கொண்டையில் ஒரு முள்

“என் வைஃப் டென்மார்க்ல இருக்கா மேடம். அவ எங்க இருக்கான்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும்.”

“முதல் வரியிலேயே நாட்டைச் சொல்லிட்டீங்க. பாதி ஃபீஸ் போச்சு” என்றார் ஜன்னலோரம் நின்றிருந்த நெடுஞ்செழியன்.

ஹம்சா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் காபிக் கோப்பைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார்.

நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில், இந்திய மளிகைக் கடைக்கு மேலே ஒற்றை அறை. அதுதான் ஹம்சாவின் துப்பறியும் அலுவலகம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைத் தோண்டிக்கொண்டிருந்தவள், லைசென்ஸ் எடுத்துத் தனியாகத் தொடங்கிய இடம். நெடுஞ்செழியன் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மருந்துக் கம்பெனியில் டேட்டாபேஸ் பார்த்துக்கொண்டிருந்தவரை ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை இங்கே வந்து, “வீட்டுல இருந்தா கேரேஜைச் சுத்தம் பண்ணச் சொல்றா, உங்க பக்கத்துல ஒரு நாற்காலி போடுங்க” என்று உட்கார்ந்தவர்தான்.

எதிரே இருந்த முகுந்த் முப்பத்தைந்தைத் தாண்டாதவன். மடிப்புக் கலையாத சட்டை, சன்னமான குரல். அழுதுவிடுவான் போலிருந்தான்.

“மானஸா கல்யாணத்துக்கு முன்னாடி டென்மார்க்ல ஒரு ப்ராஜெக்ட் பண்ணா. அப்போ அங்க ஃப்ரெண்ட்ஸோட விண்டர் கேம்பிங் போயிருக்கா. இந்த டிசம்பர்ல மறுபடி போகணும்னு ஆசைப்பட்டா. சரின்னு நானே நியூவார்க் ஏர்போர்ட்ல ட்ராப் பண்ணேன். போனதுலேர்ந்து என் கால் எடுக்கறதில்ல. ஃபேமிலி க்ரூப்ல போட்டோ மட்டும் போடறா.”

“எதுவுமே பேசலையா?”

“அவ அம்மாகிட்டகூட மெசேஜ்தான். சிக்னல் சரியில்லையாம். எனக்கென்னவோ அந்த போட்டோஸ் சரியாப் படல. அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா…” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “போலீஸ் வேணாம் மேடம். சென்னையில அவ அப்பாவுக்கு இப்பத்தான் பைபாஸ் ஆச்சு. விஷயம் அங்க போனா தாங்கமாட்டார்.”

அவன் போன பிறகு படங்களைப் பெரிய திரையில் போட்டார் நெடுஞ்செழியன். சாம்பல் நிறக் கடல். கரையோரம் உறைபனி. ஒரு கேரவன், அதன் பக்கவாட்டில் கட்டிய துணிக்கூடாரம், உள்ளே ஹீட்டரின் சிவப்பு. ஒவ்வொன்றுக்கும் கீழே மானஸா எழுதியிருந்தாள்: ‘டென்மார்க் மேற்குக் கரை. நாலு மணிக்கே இருட்டு.’ ‘இங்க நீராவி அறையில உட்கார்ந்து வியர்த்துட்டு, நேரா ஓடிப்போய் கடல்ல விழணும். ரெண்டு நிமிஷம் செத்துப் பிழைக்கலாம்.’ ‘புயல் அடிச்ச மறுநாள் எல்லாரும் குனிஞ்சுக்கிட்டே நடப்பாங்க. கரையில அம்பர்னு மஞ்சப் பிசின் கல் ஒதுங்கும்.’

“காசு குடுத்து நடுங்கறதுக்கு ஒரு நாடு” என்றார் நெடுஞ்செழியன். “எங்க வீட்டு ஹீட்டர் ரிப்பேரானப்ப நான் இலவசமாவே நடுங்கினேன். சரி, பொண்ணு அங்கதான் இருக்கு. சூரிய அஸ்தமனம் போட்ட நேரத்தைப் பாருங்க. நமக்குக் காலையில பத்து மணி. அங்க சாயங்காலம் நாலு. கணக்கு இடிக்கல.”

“கணக்குத் தெரிஞ்சவ முந்தின நாள் படத்தைக் காலையில போடலாமே?”

“எங்கேர்ந்து எடுத்துப் போடறது? நம்ம ஜெர்சி கடல் கிழக்கே இருக்கு பாஸ். இங்க சூரியன் கடல்லேர்ந்து எழுந்திரிக்கும். கடல்ல போய்ப் படுக்காது. இந்தப் படத்துல அது கடல்ல இறங்குது.”

“இறங்குதா, ஏறுதான்னு எப்படிச் சொல்றீங்க?”

“மணல்ல நாள் முழுக்க ஆள் நடந்த தடம். நாற்காலியில ஈரமில்ல. அடுப்புல பாதி எரிஞ்ச கட்டை. விடியக்காலம் இப்படி இருக்காது.”

வாதம் உறுதியாகத்தான் இருந்தது. ஹம்சாவின் கண் வேறெங்கோ நின்றுவிட்டது. அந்தப் படத்தில் மானஸா முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். டைமர் வைத்து எடுத்திருக்க வேண்டும். கழுத்துக்கு மேலே அவசரமாகச் சுருட்டிய கொண்டை. அதில் குறுக்கே குத்தியிருந்த ஒரு பழுப்பு முள்.

“இதைப் பெரிசு பண்ணுங்க.”

“ஸ்வெட்டர் பின்னற ஊசி” என்றார் அவர்.

“ஊசி உருண்டையா இருக்கும். இதுக்கு மூணு பட்டை. ஓரத்துல ரம்பம் மாதிரிப் பல்லு.”

ஹம்சா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். அவள் வீட்டில் மகளின் அலமாரியில் அதே முள் ஒன்று இருந்தது. ஸ்கூல் ஃபீல்ட் ட்ரிப்பில் பொறுக்கியது. வண்டிக்குள் வீசிய நாற்றத்தை அவளால் இன்னும் மறக்க முடியவில்லை. “ஹார்ஸ்ஷூ க்ராப். ஹெல்மெட்டைக் கவுத்த மாதிரி ஓடு, பின்னாடி ஈட்டி மாதிரி வால். இது அதோட வால். ஐரோப்பாக் கடல்ல இந்தப் பிராணியே கிடையாது சார். நம்ம கிழக்குக் கரையில இருக்கு. உலகத்துலேயே அதிகமா இருக்கறது டெலவேர் பேல.”

“அப்போ சூரியன்?”

“அந்த விரிகுடாவுக்கு இந்தப் பக்கம் நியூ ஜெர்சி, அந்தப் பக்கம் டெலவேர். ஜெர்சிக் கரையில நின்னா தண்ணி எந்தத் திசை?”

நெடுஞ்செழியன் கையால் காற்றில் வரைபடம் போட்டுப் பார்த்தார். “மேற்கு” என்றார் மெதுவாக. “ஜெர்சியில சூரியன் தண்ணியில இறங்கற ஓரம். அந்தப் பொண்ணு இடம் பார்த்துப் பிடிச்சிருக்கு.”

அதன் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. இன்னொரு படத்தில் கேரவன் ஜன்னலில் வரிசையாகக் கூழாங்கற்கள், கண்ணாடி போலத் தெளிவாக. கேப் மே பக்கத்து விரிகுடாக் கரையில் பிள்ளைகள் பை பையாகப் பொறுக்கிக்கொண்டு வரும் கற்கள். அந்த வட்டாரத்தில் டிசம்பரில் திறந்திருக்கும் கேம்ப்கிரவுண்டுகளைத் தேடினார் நெடுஞ்செழியன். இரண்டுதான் கிடைத்தன. ஒன்று காட்டுக்குள். மற்றது தண்ணீருக்குப் பக்கத்தில்.

மத்தியானம் ஹம்சாவின் வெள்ளை ஹோண்டாவில் தெற்கே கிளம்பினார்கள். ஃப்ரீவே முடிந்து, பைன் மரங்களும் மூடிக்கிடந்த பழக்கடைகளுமாய் ஒற்றை ரோடு நீண்டது.

“ஒண்ணு உறுத்துது” என்றாள் ஹம்சா. “நானே ஏர்போர்ட்ல ட்ராப் பண்ணேன்னு சொன்னார். அவ ஃப்ளைட்ல ஏறல. அப்போ இறங்கின கையோட திரும்பி வந்துட்டாளா?”

“இல்ல அவன் ட்ராப்பே பண்ணல.”

“பண்ணலைன்னா எதுக்குப் பொய்?”

“புருஷன் பொய் சொல்றதுக்குக் காரணம் வேணுமா? நான் கேரேஜ் சுத்தம் பண்ணிட்டேன்னு நாலு வருஷமாச் சொல்லிட்டிருக்கேன்.” சிரிக்காமலே சொன்னார். பிறகு அவரே, “ஆனா நான் என் பொண்டாட்டியைத் தேட ஆள் வைக்கல” என்றார்.

இன்ஷூரன்ஸ் காலத்தில் ஹம்சாவுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது: கேட்காமலே ஒருவர் சொல்லும் விவரத்தை முதலில் சந்தேகப்படுவது. அவள் ஏர்போர்ட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. அது அப்போது உறைக்காமல் போனதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

கேம்ப்கிரவுண்ட் வாசலில் ஆளில்லை. உள்ளே துணி போர்த்திய கேரவன்கள் வரிசையாக நின்றன. கடைசி வரிசையில் ஒன்றில் மட்டும் கரண்ட் ஒயர் இழுத்திருந்தது. படத்தில் பார்த்த அதே கூடாரம். அப்பால் விரிகுடா ஈயத் தகடு போல அசையாமல் கிடந்தது.

ஹம்சா தனியாகப் போய்க் கதவைத் தட்டினாள். “மானஸா, என் பேர் ஹம்சா. பிளெய்ன்ஸ்பரோலேர்ந்து வரேன்.”

கதவு ஒரு சாண் திறந்தது. படங்களில் இருந்ததைவிட மெலிந்த முகம். வலது கையில் காய்கறிக் கத்தி. இடது மணிக்கட்டில் காயக்கட்டு போட்டிருந்தது. படங்களில் எல்லாம் அதைக் கையுறை மறைத்திருக்கிறது என்று ஹம்சாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒற்றைக் கையால் கொண்டை போட்டு ஒரு முள்ளைக் குத்திக்கொள்ள வேண்டிய நிலைமை.

“அவர் அனுப்பினாரா?”

“கவலையா இருக்கார்.”

“நானே நியூவார்க்ல ட்ராப் பண்ணேன்னு சொன்னாரா?”

ஹம்சா தலையசைத்தாள்.

மானஸா சிரித்தாள். பார்க்கச் சங்கடமாக இருந்தது அந்தச் சிரிப்பு. “என் பாஸ்போர்ட் அவர்கிட்ட இருக்கு மேடம். வீடியோ கால்ல எங்க வீட்டாளுங்க எல்லார் முன்னாடியும் போயிட்டு வான்னார். கிளம்பற வாரம் எடுத்து ஒளிச்சுட்டார். கேட்டதுக்குக் கிடைச்சது இது.” மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். “நான் டென்மார்க்ல இல்லன்னு அவருக்கு முதல் நாளே தெரியும்.”

“அப்போ அந்த போட்டோஸ்?”

“அப்பாவுக்காக. ஆபரேஷன் ஆன உடம்பு. நான் கேம்பிங்ல ஜாலியா இருக்கேன்னு நினைச்சுக்கிட்டிருக்கார். அங்க போன நாளெல்லாம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு, எழுதறது கஷ்டமா இல்ல. முகுந்தும் அதே க்ரூப்ல இருக்கார். பொய்யின்னு தெரியும், ஆனா சொல்ல முடியாது. சொன்னா, உனக்கெப்படித் தெரியும், பாஸ்போர்ட் எங்கேன்னு கேள்வி வரும்.” அவள் குரல் இறங்கியது. “இந்தக் கேரவன் என் கொலீக் வீட்டோடது. அவர் என்கிட்ட நெருங்கக் கூடாதுன்னு கோர்ட்ல ரெஸ்ட்ரெயினிங் ஆர்டர் வாங்கிட்டேன். அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தாத்தான் செல்லும். போலீஸ் போறப்பல்லாம் கதவைத் திறக்கறதில்ல. நான் எங்க இருக்கேன்னு போலீஸும் அவருக்குச் சொல்லாது. அதனாலதான் உங்ககிட்ட வந்திருக்கார்.”

நெடுஞ்செழியன் இதற்குள் பக்கத்தில் வந்திருந்தார்.

“நாங்க அவர்கிட்ட எதுவும் சொல்லல” என்றாள் ஹம்சா. “சொல்லவும் மாட்டோம்.”

“நீங்க சொல்லணும்னு அவசியமே இல்ல. காரைப் பார்த்தீங்களா? என் கார்ல பின் சக்கரத்துக்கு மேல டிராக்கர் வச்சிருந்தார், அதனாலதான் அதை எடுத்துக்காம வந்தேன்.”

நெடுஞ்செழியன் ஹோண்டாவின் பக்கத்தில் மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டார். தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி, காந்தத்தோடு ஒட்டிக்கிடந்தது. அதைப் பிடுங்கப் போனவரை ஹம்சா தடுத்தாள்.

“எடுக்காதீங்க. எடுத்தா அவனுக்குத் தெரிஞ்சுடும்.”

அதே சமயம் அவள் போன் அடித்தது. முகுந்த்.

ஹம்சா ஸ்பீக்கரில் போட்டாள். மானஸா கத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவோடு ஒட்டி நின்றாள்.

“மேடம், ஏதாவது அப்டேட் உண்டா?” அதே சன்னமான குரல்.

“டென்மார்க்ல ரெண்டு மூணு கேம்ப் சைட்டுக்கு மெயில் போட்டிருக்கோம். நாளைக்குப் பதில் வரும்.”

“ஆபீஸ்லதான் இருக்கீங்களா?”

பதில் தெரிந்தே கேட்கிறான். பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம். “இல்ல, வேற ஒரு கேஸ். கேப் மே பக்கம் ஒரு வீட்டைப் பார்க்க வந்தோம். முடிஞ்சுது, கிளம்பறோம். நீங்க எங்க?”

“நானா, ஆபீஸ்ல மீட்டிங் நடுவுல…”

அவன் முடிப்பதற்குள் பின்னால் ஒரு பெண் குரல் நிதானமான ஆங்கிலத்தில், இன்னும் இரண்டு மைலில் பே ஷோர் ரோட்டில் வலது பக்கம் திரும்பச் சொன்னது. போன் வைக்கப்பட்டது.

“மீட்டிங்ல நல்லா வழி காட்டறாங்க” என்றார் நெடுஞ்செழியன். அவர் முகம் வெளிறியிருந்தது. அவர்கள் அந்த ரோட்டில் திரும்பிச் சிறிது நேரம்தான் ஆகியிருந்தது.

ஒரு முள்ளைப் பார்த்துக் கடலைக் கண்டுபிடித்த பெருமை எல்லாம் ஹம்சாவுக்கு இப்போது கசந்தது. அவள் கெட்டிக்காரத்தனத்தின் பின்னாலேயே அவன் வந்துகொண்டிருக்கிறான். மானஸாவை ஏற்றிக்கொண்டு போக இருப்பது அந்த ஒரே கார்தான். அந்தக் கார் எங்கே போனாலும் அவன் வருவான்.

எங்கே போனாலும் வருவான். அந்த நினைப்பிலேயே அவள் நின்றாள்.

“உங்க கேஸ் பார்க்கற போலீஸ் ஸ்டேஷன் எவ்வளவு தூரம்?”

“பக்கம்தான். மெயின் ரோடு ஏறி இடது பக்கம். சார்ஜென்ட் டெலூகா நம்பர் இருக்கு.”

“அவரைக் கூப்பிடுங்க. ஆர்டரோட ஸ்டேஷன் வாசலுக்கு வரச் சொல்லுங்க.” ஹம்சா கார்ச் சாவியை நீட்டினாள். “சார், வண்டியை எடுத்துட்டுப் போய் போலீஸ் பார்க்கிங்ல விட்டுடுங்க. அவசரப்படாம ஓட்டுங்க. அவன் உங்க பின்னாலயே வரணும்.”

“நீங்க?”

“நான் இங்க இவங்களோட. கார் இவ்வளவு நேரம் இங்க நின்னது அவனுக்குத் தெரியும். முதல்ல இங்கேயே வந்தாலும் வரலாம்.”

நெடுஞ்செழியன் சாவியை வாங்கிக்கொண்டார். “என் வாழ்க்கையிலேயே முதல் தடவையா ஒருத்தன் என் பின்னால வரான். அது இவனா இருந்து தொலைக்கணுமா” என்று முணுமுணுத்தபடி ஏறினார். கார் ஒடுங்கிய மண் பாதையில் குலுங்கிப் போய் மறைந்தது.

கேரவனுக்குள் விளக்கையும் ஹீட்டரையும் அணைத்தார்கள். வெளியே சூரியன் தண்ணீரைத் தொட்டிருந்தது. சிவப்பு வெளிச்சம் ஜன்னல் கூழாங்கற்களில் விழுந்து சுவரில் சிதறியது. மானஸா தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஹம்சா கதவுக்கு முதுகு கொடுத்து அமர்ந்தாள். குளிர் தகரம் வழியாக எலும்புக்குள் இறங்கியது.

ஒரு கார் வரும் சத்தம் கேட்டது.

ஜல்லியில் சக்கரம் நெரிந்தது. வாசல் பக்கம் ஹெட்லைட் வெளிச்சம் மரங்களின் மேல் ஊர்ந்து, துணி போர்த்திய கேரவன்களை ஒவ்வொன்றாகத் தடவி வந்தது. பிறகு நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஹம்சா இருட்டில் மானஸாவின் கையைத் தேடிப் பிடித்தாள். கத்தி இன்னும் அந்தக் கையில்தான் இருந்தது.

கார்க் கதவு திறந்து மூடும் ஓசை. நாலைந்து காலடி. “மானஸா?” என்றது அந்தச் சன்னமான குரல், யாரையோ தூக்கத்திலிருந்து எழுப்புவது போல. “குளிர்ல எதுக்கும்மா இங்க? வா, வீட்டுக்குப் போலாம்.”

அவனுக்கு எந்தக் கேரவன் என்று தெரியவில்லை. ஒரு கதவைத் தட்டினான். அடுத்ததைத் தட்டினான். காலடி அவர்கள் வரிசையை நோக்கித் திரும்பியது.

ஹம்சா போனை மடிக்குள் மறைத்து, நெடுஞ்செழியனுக்கு ஒரே ஒரு சொல் அனுப்பினாள்: ‘வேகம்.’

சற்று நேரத்தில் வெளியே காலடி நின்றது. அவன் கையிலிருந்த போன் விட்டு விட்டுச் சிணுங்கியது. வண்டி வேகம் எடுத்ததை அந்தக் கறுப்புப் பெட்டி காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். அவனாகவே ஏதோ சொல்லிக்கொண்டான். அவளை ஏற்றிக்கொண்டு ஓடுகிறார்கள் என்றுதான் அவன் நினைத்திருப்பான். காலடிகள் ஓடின. கார் ஜல்லியை வாரியிறைத்தபடி திரும்பிப் போயிற்று.

கடைசிச் சிவப்பும் தண்ணீரில் கரைந்த பிறகுதான் போன் அதிர்ந்தது.

“பாஸ்” என்றார் நெடுஞ்செழியன். பின்னால் வயர்லெஸ் கரகரப்பு. “நான் போலீஸ் வண்டிக்கும் போலீஸ் வண்டிக்கும் நடுவுல நிறுத்தினேன். இதைவிடப் பாதுகாப்பா என் வாழ்நாள்ல பார்க் பண்ணதில்ல. பின்னாலயே வந்தான். இறங்கி நேரா நம்ம வண்டிக்குள்ள எட்டிப் பார்த்தான். நிமிர்ந்தா எதிர்ல சார்ஜென்ட். ஆர்டரைக் கையில குடுத்துட்டார். டிராக்கரைப் பத்தியும் கேட்டார். நான் எதுவுமே சொல்லல, நம்ம பின் சக்கரத்தைக் காட்டினேன், அவ்வளவுதான். இப்போ உள்ள உட்கார்ந்திருக்கான்.”

“வேற?”

“அவன் வண்டி டேஷ்போர்டுல அந்தப் பொண்ணோட பாஸ்போர்ட் இருந்துது. குடுக்கத்தான் வந்தேன்ங்கறான். ஆர்டர்ல திருப்பித் தரணும்னே எழுதியிருக்காம். சார்ஜென்ட் வாங்கிட்டார்.” ஒரு கணம் நிறுத்தினார். “அந்தப் பொண்ணு எப்படி இருக்கு?”

ஹம்சா திரும்பிப் பார்த்தாள். மானஸா கத்தியைச் சிங்க்கில் வைத்துவிட்டு, தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. ஹம்சா கிட்டே போகவில்லை. ஹீட்டரை மறுபடி போட்டாள். அதன் கம்பி சிவந்தது.

“நான்தான் அவனை இங்க கூட்டிட்டு வந்தேன்” என்றாள் பிறகு. “மன்னிச்சுக்கோங்க.”

மானஸா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அவர் வீட்டை விட்டு வெளிய வந்ததாலதானே ஆர்டர் கைக்குப் போச்சு” என்றாள். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச அவளுக்கு விருப்பமில்லை. மேஜையிலிருந்த தன் போனை எடுத்தாள். ஃபேமிலி க்ரூப்பைத் திறந்தாள். மூடினாள்.

“அம்மாவைக் கூப்பிடணும். குரலைக் கேட்டாலே கண்டுபிடிச்சுடுவாங்கன்னுதான் பேசாம இருந்தேன். ஆனா சென்னையில இன்னும் விடியல. அப்பாவை எழுப்பிடக் கூடாது.”

“அங்க விடிஞ்சதும் பேசுங்களேன்.”

மானஸா அம்மாவின் எண்ணை அழுத்திவிட்டாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். மறுமுனையில் தூக்கக் கலக்கமே இல்லாத ஒரு குரல், பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கேட்காதபடி மெல்லக் கேட்டது: “எங்கம்மா இருக்க?”

“டென்மார்க்ல இல்லம்மா” என்றாள் மானஸா.

“தெரியும். எங்க இருக்க, அதைச் சொல்லு.”